வேலை மாறும் வேளையில் வீட்டுக் கடனையும் மாற்றலாமா?

2025ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், கிளமெண்டி அவென்யூ 4ல் உள்ள என் அக்கா வீட்டுக்கு ஒரே வாரத்தில் இரண்டு கடிதங்கள் வந்தன. வீட்டுக் கடனுக்கான நிலையான வட்டிக் காலம் ஆகஸ்ட்டில் முடிகிறது என்று வங்கி எழுதியிருந்தது. மற்றொன்று, ஜூரோங்கில் இயங்கும் ஒரு தளவாட நிறுவனம் அத்தானுக்கு அனுப்பிய வேலை நியமனக் கடிதம்.

அத்தான் இரண்டாவது கடிதத்தை முதலில் கவனித்தார். பழைய வேலையிலிருந்து விலகினார், புதிய வேலையில் சேர்ந்தார். அதன் பிறகே, குறைந்த வட்டி தருவதாகச் சொன்ன வேறொரு வங்கிக்கு விண்ணப்பித்தார். அங்கே மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்டார்கள். புதிய நிறுவனத்தில் அவர் அப்போது முதல் சம்பளமே வாங்கியிருக்கவில்லை. “புரொபேஷன் முடிந்ததும் வாருங்கள்” என்று பதில் வந்தது.

“சம்பளம் கூடியிருக்கு, வட்டி குறைஞ்சிருக்கு. ரெண்டும் நல்ல செய்திதானே, ஏன் ஒன்னோட ஒன்னு முட்டுது?” என்று புளோக் 448 உணவங்காடியில் காப்பியை ஆற்றியபடி அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. பல்கலைக்கழகத்தில் நான் படித்தது தமிழ். கடன் ஒப்பந்தத்தின் மொழியை அதன் பிறகு வங்கி ஊழியர்கள், வழக்கறிஞர் அலுவலகம், வீவக இணையப்பக்கம் என்று அலைந்து கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அப்படித் தெரிந்துகொண்டவற்றை இங்கே தருகிறேன்.

இரண்டு சொற்கள், இரண்டு வழிகள்

இருக்கும் கடனை அடைத்துவிட்டு வேறொரு வங்கியில் புதிய கடன் எடுப்பதை ‘ரீஃபைனான்ஸ்’ என்கிறோம். கடன் இருக்கும் அதே வங்கியில் வட்டித் திட்டத்தை மட்டும் மாற்றிக்கொள்வது ‘ரீபிரைஸ்’. பேச்சில் இரண்டையும் ஒன்றாகவே சொல்லிவிடுகிறோம். வேலை மாறுபவருக்கு இந்த வேறுபாடுதான் முக்கியம்.

ரீஃபைனான்ஸ் செய்தால் புதிய வங்கிக்கு நீங்கள் புதிய ஆள். வருமானம், மற்ற கடன்கள், கடன் வரலாறு எல்லாவற்றையும் அது முதலிலிருந்து பார்க்கும். வழக்கறிஞர் கட்டணமும் வீட்டு மதிப்பீட்டுக் கட்டணமும் உண்டு. இரண்டும் சேர்ந்து பொதுவாக ஈராயிரம் வெள்ளியை ஒட்டியோ அதற்கு மேலோ வரும். கடன் தொகை பெரிதாக இருந்தால் வங்கியே இதில் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்வதுண்டு. ஆனால் மூன்று ஆண்டுகளுக்குள் வேறு வங்கிக்குச் சென்றால் அந்தச் சலுகையைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் அதனுடன் சேர்ந்தே வரும்.

ரீபிரைஸ் செய்பவர் ஏற்கெனவே அந்த வங்கியின் வாடிக்கையாளர். சில நூறு வெள்ளி நிர்வாகக் கட்டணத்தோடு காரியம் முடியும். கடன் தொகையோ தவணைக் காலமோ மாறாதவரை பெரும்பாலான வங்கிகள் வருமானச் சான்றைத் திரும்பக் கேட்பதில்லை. கிடைக்கும் வட்டி புதிய வாடிக்கையாளருக்குத் தரும் வட்டியைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும்.

இந்தக் கேள்வி நம் வீடுகளில் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் 30 ஆண்டுகளுக்கும் ஒரே வட்டி என்று கடன் வாங்க முடியும். சிங்கப்பூர் வங்கிகளில் நிலையான வட்டி என்பது பொதுவாக இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குத்தான். அதன் பிறகு ‘சோரா’ எனப்படும் வட்டி அளவீட்டை ஒட்டி மாறும் வட்டிக்குக் கடன் தானாகவே நகர்ந்துவிடும். முன்பு இந்த இடத்தில் இருந்த ‘சைபோர்’ 2024 இறுதியோடு விடைபெற்றுவிட்டது.

ஊரிலிருக்கும் உறவினர்கள், “எந்த நேரமும் கடனை மாற்றலாம், அபராதமே கிடையாது” என்று அறிவுரை சொல்லலாம். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் வாங்கக்கூடாது என்று இந்திய ரிசர்வ் வங்கி 2012லேயே உத்தரவிட்டது. அது அங்கே. இங்கே ‘லாக்-இன்’ காலம் முடிவதற்குள் வெளியேறினால், எஞ்சியிருக்கும் கடனில் பொதுவாக 1.5 விழுக்காடு அபராதம். கடன் 300,000 வெள்ளி என்றால் 4,500 வெள்ளி.

வங்கி எதைத் தேடுகிறது?

வேலையில் இருப்பவரிடம் அண்மைய சம்பளச் சீட்டுகள், வருமான வரிக் கணக்கீட்டு அறிவிப்பு, மசே நிதி சந்தா விவரம் ஆகியவற்றை வங்கி கேட்கும். இப்போது சிங்பாஸ் வழியாக ‘மைஇன்ஃபோ’ தகவலை எடுக்க நாம் அனுமதி கொடுத்ததும் இவற்றில் பல சில நொடிகளில் வங்கிக்குப் போய்விடுகின்றன. மசே நிதி விவரத்தில் மாதந்தோறும் எந்த முதலாளி எவ்வளவு செலுத்தினார் என்பது வரி வரியாக இருக்கும். முதலாளியின் பெயர் மாறியது, நடுவில் ஒரு மாதம் காலியாக இருப்பது எல்லாம் கண்ணில் படும். ஆகவே, வேலை மாறியதைச் சொல்லாமல் விட்டால் தெரியாது என்று நினைப்பதில் பயனில்லை.

தகுதிகாண் காலத்தில் இருப்பவரிடம் சில வங்கிகள் நியமனக் கடிதத்தையும் முதல் சம்பளச் சீட்டையும் வாங்கிக்கொண்டு பரிசீலிக்கின்றன. சில வங்கிகள் வேலை உறுதியான கடிதம் வரும்வரை காத்திருக்கச் சொல்கின்றன. ஒரே துறையில், சம்பள உயர்வோடு, இடைவெளி இல்லாமல் மாறுபவரையும், துறையை விட்டுத் துறை போகிறவரையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. கணவன், மனைவி இருவர் பெயரிலும் கடன் இருந்து, வேலை மாறாத ஒருவரின் வருமானமே தவணையைத் தாங்கும் என்றால் அதையும் வங்கியிடம் எடுத்துச் சொல்லலாம். அக்கா தாதியாகப் பத்து ஆண்டுகளுக்குமேல் ஒரே இடத்தில் வேலை செய்கிறார். அத்தான் அதை விண்ணப்பத்தில் முன்வைக்கவே இல்லை. ‘குடும்பத்துக்கு நான்தான் பொறுப்பு’ என்ற நினைப்பு சில நேரங்களில் வீண்செலவு வைக்கும்.

சம்பளத்தின் தொகையைவிட அதன் அமைப்பு பலரைத் தடுமாற வைக்கிறது. பழைய வேலையில் 4,500 வெள்ளி முழுவதும் அடிப்படைச் சம்பளம். புதிய வேலையில் அடிப்படைச் சம்பளம் 3,000, கமிஷன் சராசரியாக 2,000 என்று வைத்துக்கொள்வோம். கையில் வருவது 500 வெள்ளி கூடுதல். ஆனால் நாணய ஆணையத்தின் விதிப்படி, மாறும் வருமானத்தில் குறைந்தது 30 விழுக்காட்டைக் கழித்துவிட்டுத்தான் கணக்கிட வேண்டும். ஆக, 2,000 வெள்ளி கமிஷன் 1,400 ஆகிவிடுகிறது. வங்கியின் தாளில் உங்கள் வருமானம் 4,400 வெள்ளி. பழைய வேலையைவிடக் குறைவு! சுயதொழில் செய்பவரின் வருமானத்துக்கும் இதே கழிவு பொருந்தும்.

மொத்தக் கடன் சேவை விகிதம் பற்றியும் ஒரு விளக்கம் தேவை. 2013 ஜூனில் வந்த இந்த விதி, வீடு, கார், கடன் அட்டை என்று எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை வருமானத்தில் 60 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்றது. 2021 டிசம்பரில் அது 55 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. தாம் குடியிருக்கும் வீட்டின் கடனை ரீஃபைனான்ஸ் செய்பவர்களுக்கு 2016 செப்டம்பர் முதல் இந்த வரம்பிலிருந்து விலக்கு உண்டு. வருமானம் குறைந்தவர்கள் அதிக வட்டியில் மாட்டிக்கொண்டு தவிக்கக்கூடாது என்பதே அதன் நோக்கம். இந்த விலக்கு பலருக்குத் தெரியவில்லை. அதே நேரத்தில், விதி விலக்கு தருகிறது என்பதற்காக வங்கி கடன் கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. திருப்பிச் செலுத்த முடியுமா என்பதை அது தன் அளவுகோலில் பார்க்கும். வாடகைக்கு விட்டிருக்கும் தனியார் வீடு என்றால் கதையே வேறு.

சிங்கப்பூர்க் கடன் தகவல் நிலையம் நம் கடன் வரலாற்றுக்கு 1,000 முதல் 2,000 வரை புள்ளியும், ஏஏ தொடங்கி எச்எச் வரை ஒரு தரமும் வைத்திருக்கிறது. வேலை மாறும் மாதங்களில் புதிய கடன் அட்டை, கார்க் கடன், புதுப்பிப்புக் கடன் என்று அடுத்தடுத்து விண்ணப்பிப்பது அந்தப் புள்ளியைப் பாதிக்கும்.

மசே நிதியில் விழும் ஓட்டை

வங்கி சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் வேலை மாற்றம் தவணையைத் தொடும் இன்னோர் இடம் இருக்கிறது. பெரும்பாலான வீவக குடும்பங்கள் தவணையை ரொக்கமாகக் கட்டுவதில்லை. சாதாரணக் கணக்கிலிருந்து தானாகப் போய்விடுகிறது. தானாகப் போவதாலேயே அதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

35 வயதைத் தாண்டி 45 வயதுவரை உள்ளவர்களின் சம்பளத்தில் 21 விழுக்காடு சாதாரணக் கணக்குக்குச் செல்கிறது. ஆளுக்கு 4,000 வெள்ளி சம்பாதிக்கும் தம்பதிக்கு மாதம் 840, 840 என்று 1,680 வெள்ளி சேரும். 300,000 வெள்ளி கடன், 20 ஆண்டு, 2.6 விழுக்காடு வட்டி என்றால் தவணை 1,604 வெள்ளி. வரவும் செலவும் ஏறக்குறைய ஒன்றையொன்று சமன்செய்கின்றன. ஒருவரின் சந்தா நின்றால் மாதம் 764 வெள்ளி பள்ளம். கணக்கில் சேமிப்பு இருந்தால் அது பள்ளத்தை நிரப்பும். இல்லாவிட்டால் ரொக்கம் கட்ட வேண்டும்.

முதலாளிகள் ஒரு மாதச் சம்பளத்துக்கான சந்தாவை அடுத்த மாதம் 14ஆம் தேதிக்குள் செலுத்தலாம். ஜூலை இறுதியில் விலகி, ஒரு மாதம் ஓய்வெடுத்து, செப்டம்பர் முதல் தேதி வேலையில் சேருபவருக்கு ஆகஸ்ட்டில் எந்தக் குறையும் தெரியாது. ஜூலைச் சந்தா அப்போதுதான் வந்து விழும். காலியாக இருக்கப்போவது செப்டம்பர். புதிய முதலாளியின் முதல் சந்தா அக்டோபரில் வரும். வேலை கிடைத்துவிட்டது என்ற நிம்மதியில் இருக்கும்போது கணக்கில் பணம் போதவில்லை என்று அறிவிப்பு வருவது இப்படித்தான்.

சம்பள வேலையை விட்டுச் சுயதொழிலுக்குப் போகிறவருக்கு இந்தச் சந்தா முழுமையாகவே நின்றுவிடுகிறது. அவர்கள் கட்டாயமாகச் செலுத்த வேண்டியது மெடிசேவ் மட்டுமே. தனியார் வாடகைக் கார் ஓட்டுநர்கள், உணவு விநியோகிப்பாளர்கள் நிலை 2025 ஜனவரி முதல் சற்று மாறியிருக்கிறது. 1995 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த இணையத்தள ஊழியர்களுக்குச் சாதாரணக் கணக்குக்கும் சந்தா கட்டாயம். அதற்குமுன் பிறந்தவர்கள் விரும்பினால் சேரலாம். வீட்டுத் தவணை கட்டிக்கொண்டிருக்கும் நாற்பது வயதுக்காரர் அந்த விருப்பத்தைத் தாமாகவே தெரிவித்தாக வேண்டும்.

வீவக கடனா, வங்கிக் கடனா?

வீவக கடனின் வட்டி, சாதாரணக் கணக்கின் வட்டியைவிட 0.1 விழுக்காட்டுப் புள்ளி கூடுதல். அது 2.6 விழுக்காடாக நெடுங்காலமாக அசையாமல் நிற்கிறது. 2020, 2021ல் வங்கி வட்டி 1 விழுக்காட்டை ஒட்டி இறங்கியபோது பலர் வீவகவை விட்டு வங்கிக்குப் போனார்கள். அக்காவும் அத்தானும் 2021ல் அப்படிப் போனவர்கள்தாம். அமெரிக்க மத்திய வங்கி 2022 மார்ச்சில் வட்டியை உயர்த்தத் தொடங்க, அந்த ஆண்டு இறுதிக்குள் இங்கே நிலையான வட்டி 4 விழுக்காட்டைத் தாண்டியது. 2023ல் அவர்களின் இரண்டாண்டுத் திட்டம் முடிந்தபோது 3.6 விழுக்காட்டுக்குக் கையெழுத்திட வேண்டியிருந்தது. திரும்பிப் போக வழி இல்லை. வீவக கடனிலிருந்து வங்கிக்கு மாறியவர் அதே வீட்டுக்கு மீண்டும் வீவக கடன் பெற முடியாது.

2025ல் வட்டி 2 விழுக்காட்டுக்குக் கீழே வந்ததும் பேட்டைகளில் மறுபடியும் அதே பேச்சு. 2.6லிருந்து 1.8க்கு மாறினால் மேற்சொன்ன 300,000 வெள்ளிக் கடனில் தவணை 1,604லிருந்து 1,489 ஆகும். மாதம் 115 வெள்ளி மிச்சம். நிலையான வேலையில் இருப்பவருக்கு அது யோசிக்கத்தக்க தொகை. வேலை மாறும் தறுவாயில் இருப்பவர் அந்த 115 வெள்ளிக்காக வீவகவை விட்டு வருவது சரியல்ல என்பது என் கருத்து. தவணை கட்டச் சிரமப்படுபவர்களுக்குத் தவணையைச் சிறிது காலம் ஒத்திவைப்பது, குறைப்பது போன்ற ஏற்பாடுகளை வீவக அவரவர் நிலையைப் பார்த்துச் செய்கிறது. அதோடு, வீவக கடன் எடுக்கும்போது சாதாரணக் கணக்கில் 20,000 வெள்ளிவரை வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. அந்தத் தொகையை இதுவரை தொடாமல் வைத்திருப்பவருக்கு மேலே சொன்ன செப்டம்பர் மாதப் பள்ளம் ஒரு பொருட்டே இல்லை.

நிரந்தரவாசத் தம்பதிகளுக்கு இந்தத் தேர்வே கிடையாது. வீவக கடனுக்குக் குறைந்தது ஒருவராவது சிங்கப்பூர்க் குடிமகனாக இருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து வந்து மறுவிற்பனை வீடு வாங்கியிருக்கும் பல தமிழ்க் குடும்பங்கள் தொடக்கத்திலிருந்தே வங்கிக் கடனில்தான் இருக்கின்றன. அவர்கள் லாக்-இன் தேதியை வேலை ஒப்பந்தத் தேதிபோலவே நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இடையில் ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிடுகிறேன். ‘வேலை இல்லாத மாதங்களுக்கு வீட்டை வைத்துக் கொஞ்சம் ரொக்கம் எடுத்துக்கொள்ளலாம்’ என்று சிலர் நினைக்கிறார்கள். தனியார் வீட்டில் அதற்கு வழி உண்டு. வீவக வீட்டை ஈடாக வைத்து அப்படி ரொக்கம் எடுக்க அனுமதி இல்லை.

எது முதலில்?

அத்தானின் சிக்கலை அவிழ்த்துப் பார்த்தபோது, அது தகுதிப் பிரச்சினையே அல்ல, வரிசைப் பிரச்சினை என்று புரிந்தது. கடனை அடைக்கப்போவதாகப் பழைய வங்கிக்கு இரண்டு அல்லது மூன்று மாத முன்னறிவிப்பு தர வேண்டும். புதிய வங்கியின் ஒப்புதல், வழக்கறிஞர் வேலை, மசே நிதி ஆவணங்கள் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய அதே கால அளவை எடுக்கும். ஆகஸ்ட்டில் லாக்-இன் முடிகிறது என்றால் ஏப்ரலிலேயே தொடங்கியிருக்க வேண்டும். அப்போது அவர் பழைய வேலையில் இருந்தார். புதிய வேலை பற்றிய பேச்சே இல்லை.

வேலை மாற்றம் முன்பே உறுதியாகிவிட்டால் என்ன செய்வது? பழைய சம்பளச் சீட்டைக் கொடுத்து ஒப்புதல் வாங்கிவிட்டு, அடுத்த நாள் விலகல் கடிதம் கொடுக்கலாம் என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் அதைச் சொல்லமாட்டேன். கடன் சலுகைக் கடிதத்தில், பணம் கைமாறும் முன் விண்ணப்பதாரரின் நிலையில் முக்கியமான மாற்றம் ஏற்பட்டால் தெரிவிக்க வேண்டும் என்றும், வங்கி மறுபரிசீலனை செய்யலாம் என்றும் பொதுவாக ஒரு பிரிவு இருக்கும். பழைய வங்கிக்கு முன்னறிவிப்பு கொடுத்துவிட்ட நிலையில் புதிய வங்கி பின்வாங்கினால் நடுவழியில் நிற்க வேண்டியதுதான். புதிய முதலாளியின் பெயர், சம்பளம், சேரும் தேதி ஆகியவற்றை முதலிலேயே சொல்லி, நியமனக் கடிதத்தைக் கொடுத்து, ‘இதை வைத்துப் பரிசீலிப்பீர்களா’ என்று கேட்டுவிடுவது மேல். ஒரு வங்கி இல்லை என்றால் இன்னொன்று ஏற்கலாம். அடமானக் கடன் முகவர்கள் பல வங்கிகளின் நிலவரத்தை ஒரே நேரத்தில் சொல்வார்கள். அவர்களுக்கான தரகை வங்கி கொடுக்கிறது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

வங்கி மாறினால் வீட்டுப் பாதுகாப்புத் திட்டத்தையும் கவனிக்க வேண்டும். மசே நிதியில் தவணை கட்டும் வீவக உரிமையாளர்களுக்கு இந்தக் காப்புறுதி கட்டாயம். புதிய கடனின் தொகைக்கும் காலத்துக்கும் ஏற்றபடி காப்பு இருக்கிறதா என்பதை மசே நிதிக் கழகத்திடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். பழைய முதலாளி கொடுத்த குழுக் காப்புறுதியும் வேலையோடு போய்விடும் நேரம் அது.

ஆட்குறைப்பால் வேலை இழந்தவர்களின் நிலை வேறு. மாதம் 5,000 வெள்ளி அல்லது அதற்குக் குறைவாகச் சம்பாதித்த சிங்கப்பூரர்களுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம் 2025 ஏப்ரல் முதல் ஆறு மாதங்களில் அதிகபட்சம் 6,000 வெள்ளி தருகிறது. தாமாக விலகியவர்களுக்கு அது கிடையாது. தவணை ஏற்கெனவே தவறிவிட்டது, கடன் அட்டைப் பாக்கியும் ஏறிவிட்டது என்றால் ரீஃபைனான்ஸ் பற்றி யோசிக்கும் கட்டம் தாண்டிவிட்டது. கடன் கொடுத்தவரிடம் உடனே பேச வேண்டும். சிங்கப்பூர்க் கடன் ஆலோசனை அமைப்பு இத்தகையோருக்கு உதவுகிறது.

அத்தான் கடைசியில் எங்கும் போகவில்லை. இருந்த வங்கியிலேயே 2.1 விழுக்காட்டுக்கு ரீபிரைஸ் செய்துகொண்டார். சம்பளச் சீட்டு யாரும் கேட்கவில்லை. 300,000 வெள்ளிக் கடனுக்கு 3.6 விழுக்காட்டில் 1,755 வெள்ளியாக இருந்த தவணை 1,532 ஆனது. அவர் ஆசைப்பட்ட 1.8 கிடைத்திருந்தால் 1,489 ஆகியிருக்கும். வேறுபாடு மாதம் 43 வெள்ளி, இரண்டு ஆண்டுக்கு 1,032 வெள்ளி. வேறு வங்கிக்குப் போயிருந்தால் வழக்கறிஞருக்கும் மதிப்பீட்டாளருக்குமே அதைவிடக் கூடுதலாகக் கொடுத்திருப்பார். இத்தனை வாரம் தூக்கம் கெட்டது இந்த 43 வெள்ளிக்காகவா என்று அக்கா இன்றும் கேட்கிறார்.

அவருடைய புதிய லாக்-இன் 2027 ஆகஸ்ட்டில் முடிகிறது. குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் தாளில் அக்கா எழுதி வைத்திருப்பது அந்தத் தேதியை அல்ல, 2027 ஏப்ரல் 1ஐ.